அத்தான் குடித்த அமிர்தம்

எங்கள் வீட்டின் பின்பக்கத் தூணில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. சவரம் செய்வதற்காக அப்பா மாட்டியது. காலை ஆறு மணிக்கு அத்தான் அதன் முன்னால் வந்து நிற்பார். பக்கத்தில் முக்காலியின் மேல் ஒரு கிண்ணத்தில் வெண்ணெய் இருக்கும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதில் தோய்த்து, நாக்கைப் பிடித்து, மாட்டின் மடியைக் கறப்பதுபோல இழுப்பார். கால் மணி நேரம் இது நடக்கும். வெண்ணெயும் எச்சிலும் கலந்து தாடையால் வழிந்து நெஞ்சு மயிரில் இறங்கும். நாக்கு கையில் இருப்பதால் அவரால் அதைத் துடைக்க முடியாது. கிணற்றடிக்குப் போக வேறு வழி இல்லாததால் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் நான் போனேன். இன்றைக்கும் பாணுக்குப் பட்டர் பூசும்போது எனக்குக் குமட்டும். எண்ணெய்ப் பண்டம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று என் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய்விடும். அப்படி, மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் எங்கள் கல்வீடு அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆனது. அப்பாவும் அம்மாவும் அண்ணனும் நானும் அதே வளவில் பின்னால் ஒரு கிடுகு வீடு போட்டுக்கொண்டு இருந்தோம். அத்தான் சிங்கள ஊர் ஒன்றில் பத்து வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். கலவரத்தில் ஓடி வந்தவர். அங்கே எதைப் பார்த்தார் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. அவர் கொண்டு வந்தவை இரண்டு. ஒன்று, மூச்சுப் பயிற்சி பற்றிய ஒரு பழைய புத்தகம். மற்றது, தடங்கலில்லாத சிங்களம். எங்கள் தெருவில் அந்தப் பாஷை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

யுத்தம் மறுபடி தொடங்கியபோது அந்தச் சிங்களம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் அத்தான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆமி முகாமுக்குப் போவார். அவர் பேசி இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. ஒருவன் மீன்பிடிக்கிறவன், மற்றவன் பள்ளிக்கூட மாணவன். அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு வெளியே எந்த நேரமும் யாராவது ஒரு தாய் நின்றாள். ஒரு நாள் அந்தப் படலையில் ஒரு கடுதாசி செருகியிருந்தது. ஆமியோடு உனக்கு என்ன கதை என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. இயக்கத்துப் பெடியன்கள்தான் என்று கேட்காமலே தெரியும்.

வெண்ணெய்க் கிண்ணம் அந்தக் கிழமைதான் தூணடிக்கு வந்தது.

அத்தானின் விளக்கத்தை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சோறு தின்னும்போதுதான் பெரும்பாலும் சொல்லுவார். "தலைக்குள்ள ஒரு சந்திரன் இரிக்கி. அதில இருந்து அமிர்தம் சொட்டுச் சொட்டாக் கீழ விழுது. வயித்துக்குள்ள இருக்கிற சூரியன் அதைக் குடிச்சிருது. அதாலதான் மனிசன் கிழடாகிச் சாகிறான்" என்பார். நாக்கை நீட்டி வளர்த்து, பின்பக்கமாக மடித்து, உள்நாக்குக்கு மேலே இருக்கும் துளையை அதனால் அடைத்து, மூச்சையும் கட்டினால் அந்தச் சொட்டு சூரியனுக்குப் போகாதாம். நாக்கிலேயே நிற்குமாம். முதலில் உப்புக் கரிக்குமாம், பிறகு பால்போல இருக்குமாம், கடைசியில் தேனாகுமாம். பாற்கடலைக் கடைந்து தேவர்கள் எடுத்த அமிர்தம் இதுதான், கடலும் மலையும் பாம்பும் எல்லாம் நம் தலைக்குள்ளேயே இருக்கின்றன என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

அண்ணன் விடமாட்டான். வயலில் இருந்து வந்து கால்கூடக் கழுவாமல் கேட்பான். "அத்தான், அந்தச் சந்திரனுக்கு அமாவாசை வாறல்லியா?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"இல்ல, ஒரு சந்தேகம். வெண்ணெய் எல்லாம் நாக்குக்குப் போனா உங்கட புள்ளையளுக்கு என்னத்தப் பூசுற?"

அக்கா அவனை முறைப்பாள். ஆனால் அவள்தான் தயிர்ச்சட்டியில் மேலாக மிதந்த ஆடையை வழித்துக் கடைந்து அந்தக் கிண்ணத்தை நிரப்பினாள். பாதை மூடி, பால்மாவுக்கு மணிக்கணக்காகக் கியூவில் நின்ற காலம் அது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில்.

இழுப்பதோடு மட்டும் இது முடியவில்லை. நாக்கின் அடியில் அதைக் கீழ்த்தாடையோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய தசைநூல் ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை நாக்கு பின்னால் மடியாது. ஏழு நாளைக்கு ஒருமுறை, ஒரு மயிர் அளவு, அத்தான் அதை வெட்டினார். புது பிளேடு. கண்ணாடி. பிறகு கடுக்காய்த் தூளும் இந்துப்பும் வைத்துத் தேய்ப்பார். சிரட்டையில் துப்புவார். இரத்தமும் சளியும் கடுக்காயும் கலந்த அந்த மண்ணிறத் துப்பலை அக்கா வாழையடியில் ஊற்றுவாள். அவளுக்குத் தலைசுற்றிய நாட்களில் நான் ஊற்றினேன். எனக்கு அப்போது இருபது வயது, பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. அந்த வாழை போட்ட குலையை நான் தொடவில்லை.

சுற்றிவளைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்தது. அத்தான் வெட்டிக்கொள்வது வெள்ளிக்கிழமையில். இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போட்டுப் பார்க்கவில்லை.

எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி உடைந்த தமிழில் ஒலிபெருக்கி கத்தியது. பெண்களையும் பிள்ளைகளையும் வேப்ப மரங்களுக்குக் கீழே விட்டார்கள். ஆண்களை மணலில் வரிசையாக இருத்தினார்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தார்கள்; இயக்க ஆள் என்று அவன் தலையாட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அண்ணனைப் பார்த்து அவன் தலையாட்டவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். ஆட்டவில்லை. அண்ணன் தப்பிவிட்டான் என்று அம்மா கும்பிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு சட்டைகளைக் கழற்றச் சொன்னார்கள். அண்ணனின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ப்பு இருந்தது. நெல்மூடை சுமந்து சுமந்து தடித்துப்போன தோல். வயல் வட்டைக்குப் போகிற எந்தக் கமக்காரனுக்கும் அது இருக்கும். அதிகாரி அதை விரலால் அழுத்திப் பார்த்து ஏதோ கேட்டார். துவக்குச் சுமந்து சுட்ட தழும்பா என்று கேட்கிறார் என்பது கையின் சாடையில் எல்லோருக்கும் விளங்கியது. அண்ணனுக்குத் தெரிந்த சிங்களம், ஐயா என்று அர்த்தமுள்ள 'மாத்தயா' என்ற ஒரு சொல்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"சிங்களம் தெரிஞ்ச ஆள் யார் இருக்கு?" என்று அதிகாரி தமிழில் கேட்டார்.

முழு மைதானமும் அத்தானைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார். என் கையை இறுக்கிப் பிடித்திருந்த அக்காவின் பிடி தளர்ந்தது. அந்தத் தளர்வு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அப்பாடா என்று நான் நினைத்தேன். அத்தான் மணலைத் தட்டிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய், கைகளைக் கூப்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் முகம் கோணியது. நான் ஒவ்வொரு நாளும் கிணற்றடிக்குப் போகும்போது கோணுவதுபோலவே கோணியது. கையால் மூக்கின் முன்னால் வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"அத்தான்" என்றான் அண்ணன். பகிடி இல்லாத அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். "ரெண்டு சொல்லுத்தான் அத்தான். வயல்காரன் எண்டு சொல்லுங்க."

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனை லொறியில் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று அப்பா சாகும்வரை முகாம் முகாமாகக் கேட்டார். பாஷை தெரியாமல், தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

மகனைப் பறிகொடுத்த அன்றே, பகலில், அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து அத்தானுக்குக் கொடுத்தனுப்பினாள். "பாவம்கா, அவருக்குக் கதைக்க ஒண்ணாமப் போயிற்று. அந்த மனிசன்ட மனம் எப்பிடி வேகும்" என்று என்னிடம் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவர் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவருக்கும் சேர்த்து அழுதார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் கேட்டேன். கஞ்சிக்கு உப்புக் காணாது என்றார்.

அவர் மீது எனக்கு அருவருப்பு இருந்தது. ஆனால் அது ஒரு மூடனைப் பார்த்து வரும் அருவருப்பு. சாகாமல் இருக்கப் போகிறேன் என்று தன் நாக்கைத் தானே அறுத்து, அந்த நாக்கு வேண்டிய நேரத்தில் அது இல்லாமல் நின்ற மூடன். அந்த அளவோடு நான் பல வருடம் வாழ்ந்தேன். மட்டக்களப்பு டவுனில் கலியாணம் முடித்தேன், நிரந்தர ஆசிரியையானேன். அரசாங்க ஊழியருக்கு நடத்தும் சிங்கள வகுப்புக்குப் போனேன். சம்பள உயர்வுக்காக என்று மற்றவர்களிடம் சொன்னேன். நான் முதலில் படித்து மனப்பாடம் செய்த வசனம், 'ஐயா, இவர் கமக்காரர், இது மூடை சுமந்த தழும்பு' என்பது. கற்பித்தவர், இந்த வசனம் பாடத்திலேயே இல்லையே என்று சிரித்தார்.

நாலாம் வகுப்புக்குச் சமயபாடத்தில் பாற்கடல் கடைந்த கதையைப் படிப்பிக்க வேண்டும். மோகினி வந்து தேவர்களை ஒரு வரிசையிலும் அசுரர்களை ஒரு வரிசையிலும் இருத்துகிற இடம் வரும்போது எனக்கு மைதானத்து மணல் தெரியும். எந்த வரிசையில் இருத்தப்பட்டோம் என்பதுதானே எல்லாம். ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், அமிர்தம் என்ன ருசி?" என்று கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

எனக்கு ஒரே மகள். நாலு வயதாகியும் அவளுக்குப் பேச்சுத் தெளியவில்லை. 'ர' வராது, 'ல' வராது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கின் அடிநூல் கட்டையாக இருக்கிறது, சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டால் சரி என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் போகவில்லை. என் கணவருக்குக் கோபம் வந்தது. காரணத்தை அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நாலாம் முறை அவரே எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

வெட்டுவதற்கு முன் டொக்டரிடம் கேட்டேன். "எத்தின நாளைக்கு இவளுக்குக் கதைக்க ஒண்ணாது?"

"நாளா?" என்று சிரித்தார். "பின்னேரமே உங்கட காதத் திண்டுருவா, டீச்சர். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க, காணும்."

இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவர் வெட்டியது ஒரு மயிர் அளவு அல்ல, அந்த நூல் முழுவதையும். திரும்பி வரும்போது ஆட்டோவில், சட்டையில் இரண்டு சொட்டு இரத்தத்தோடு, வாவியைப் பார்த்துக்கொண்டு என் மகள் கேட்டாள்: "அம்மா, முதலைக்கு நாக்கு இரிக்கா?" பிறகு மீனுக்கு இருக்கா என்றாள். நாய்க்கு ஏன் தொங்குது என்றாள். வீடு வரும்வரை வாயை மூடவில்லை. என் கணவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, வாவிக்கரையில் குந்தியிருந்து வாந்தி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை. ஒரு மயிர் அளவு. அப்போதுதான் கணக்குப் போட்டேன்.

அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தான் அதற்குள் சாமி ஆகியிருந்தார். எங்கள் பழைய கிடுகு வீடு இருந்த இடத்தில் ஒரு கொட்டில். படுவான்கரையில் இருந்துகூட வாவியைக் கடந்து பெண்கள் வந்து மூச்சுப் பழகினார்கள். அவர்களில் பாதிப் பேர் பிள்ளை காணாமல் போன தாய்மார். மரணம் என்பது பொய் என்று அவர்களுக்கு அத்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்களும் கண்ணீரோடு மூச்சை இழுத்துக் கட்டினார்கள். அறுபது வயதைத் தாண்டியும் அவருக்கு ஒரு பல் விழவில்லை. தோல் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. இதை எழுதும் இன்றைக்கும் அவர் இருக்கிறார். கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்கிறார்.

கூட்டம் போன பிறகு கேட்டேன். "அத்தான், அண்டைக்கு மைதானத்தில உங்களுக்குக் கதைக்க ஏலாமலா இருந்த?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்களைப் பாதி மூடினார். தாடைக்குக் கீழே ஏதோ புரண்டது. நாக்கு உள்ளே மடிந்து மேலே போகிறது என்று தெரிந்தது. மூச்சு நின்றது. தொண்டைக் குமிழ் மெல்ல ஏறி இறங்கியது. விழுங்கினார்.

"சொட்டுப்போல பொறுகா" என்றாள் அக்கா. "அவருக்கு அமிர்தம் இறங்குது."

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். படலைவரை அக்கா கூட வந்தாள். என் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அண்டைக்கு வீட்ட வந்து கதவைச் சாத்தினதும் அவர் கதைச்சவர்."

"என்ன கதைச்சவர்?"

"புள்ளையள உள்ளுக்குக் கூப்பிடு எண்டு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"அத்தின பேருக்கு முன்னால ஆமியோட கதைச்சிருந்தா, மறுகா மற்றாக்கள் வந்து அவரக் கொண்டுபோயிருப்பாங்க. கடுதாசி வந்தது உனக்கும் தெரியும்தானே. எனக்குக் கையில ரெண்டு, வயித்தில ஒண்டு. நீயும் இப்ப ஒரு தாய். சொல்லு, நீ என்ன செஞ்சிருப்பாய்?"

பதினொரு நாள் அம்மாவின் கஞ்சியை அக்கா தன் கையால் வாங்கி அவருக்குக் கொடுத்திருக்கிறாள். கதவுக்குள்ளே அவர்கள் மெல்லிய குரலில் பேசியிருப்பார்கள். வெளியே நாங்கள் அவருக்காக அழுதுகொண்டிருந்தோம். போய்வருகிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. பஸ் ஏறினேன். இனி அந்த வளவில் கால் வைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அருவருப்பு எனக்கு ஒரு வலுவைத் தந்தது. நான் அவர்களைப் போன்றவள் அல்ல என்ற வலு.

பஸ்ஸில் எங்கள் முன் சீட்டில் எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் இருந்தான். டவுனில் யாருடையவோ வீட்டுக்கு மேசன் வேலைக்குப் போகிறானாம். என் மகள் அவனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் பையைத் திறந்து பூச்சுக் கரண்டியையும் சுருட்டி வைத்த தண்ணிக் குழாயையும் காட்டினான். சுவர் இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று அந்தக் குழாயில் நீர் ஊற்றிப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு விளக்கினான். "இந்தப் புள்ளைக்குப் பற்றரி இறங்காது போல, டீச்சர்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. பிள்ளை வைத்திருக்கும் பெண்களை இருக்கவிட்டு மற்றவர்களை இறக்கினார்கள். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பாய் அவன் பையில் இருந்து குழாயை எடுத்தான். அதோடு சுற்றியிருந்த நூலையும் கம்பியையும் எடுத்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இளைஞன் கையால் சுவர்போலக் காட்டினான், மட்டம் காட்டினான். அவர்களுக்கு விளங்கவில்லை. முட்டுக்காலில் இருத்தினார்கள். ஜன்னல் திறந்திருந்தது. பத்து அடி தூரம் இருக்காது. ஐயா, இவர் மேசன், இது மட்டம் பார்க்கிற குழாய். சொற்கள் ஒவ்வொன்றாக என் நாக்குக்கு வந்து வரிசையில் நின்றன. ஒரு பிழையும் இல்லாத சிங்களம். அவன் திரும்பி பஸ்ஸைப் பார்த்தான். என்னை.

என் மகள் சீட்டில் ஏறி நின்றாள். "அம்மா, அந்த மாமா மேசன் வேலைக்குப் போறாரெண்டு சொல்லுங்க" என்றாள். 'ர' அவ்வளவு தெளிவாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அவளே கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். நான் அவளை மடியில் இழுத்துப்போட்டு வாயைக் கையால் பொத்தினேன்.

பஸ் வெளிக்கிட்டது. அவனுடைய சீட்டில் வேறொருவர் வந்து இருந்தார். பாலம் தாண்டி டவுன் கடைகள் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது உள்ளங்கை முழுவதும் அவளுடைய எச்சில். அதைச் சேலையில் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

அவன் பின்னேரம் விடுபட்டு வந்தானா என்று நான் விசாரிக்கவில்லை. ஊருக்குள் ஒருவரிடம் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், மூன்று பாஷையும் பேசுகிறாள், வீட்டுக்கு வந்தால் இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். அந்த பஸ் பயணம் நினைவிருக்கிறதா என்று போன மாதம் ஒருநாள் கேட்டேன். இல்லை அம்மா, நான் அப்ப சின்னப்புள்ளைதானே என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.